பெண்ணும் ‘பிரதர்’தான்: கோ-எட் ஃப்ரெட்டர்னிட்டியில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள் எல்லாமே படங்களில் பார்க்கிற குடியும் கும்மாளமும் அல்ல. சேவைக்கு ஒன்று, பேண்ட் வாத்தியக் குழுவுக்கு ஒன்று, வணிகம், பொறியியல், வேதியியல் படிப்பவர்களுக்குத் தனித்தனியே என்று ஃப்ரெட்டர்னிட்டிகள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை இன்று கோ-எட். ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில், ஒரே சந்தா, ஒரே வாக்கு. ஆனால் விதிப்புத்தகம், சடங்கு, பாட்டு, பதவிப் பெயர்கள் எல்லாம் ஆண்கள் மட்டும் இருந்த காலத்தில் எழுதியவை. தலைமை நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க, எதிரே நிற்பவர் ‘ஜென்டில்மென்’ என்று தொடங்கும் வாசகத்தைப் படிக்கிற நிலைமை இப்படித்தான் வருகிறது.

இதைச் சரிசெய்யக் கிளம்பும் சாப்டர்கள் (ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள கிளைகள்) பல, நூலைத் தவறான முனையில் பிடிக்கின்றன. முதல் கூட்டத்திலேயே, உறுப்பினர்களை அழைக்கும் ‘பிரதர்’ என்ற பட்டத்தை வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா என்று வாக்கெடுப்பு. கூட்டம் நள்ளிரவு வரை இழுக்கும், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறுவார்கள், அந்த செமஸ்டர் முழுக்க வேறு எந்தத் திருத்தமும் நகராது. பட்டத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். பல இடங்களில் தொடவே தேவையில்லை.

முதலில், உங்கள் சங்கம் எந்த வழியாகக் கோ-எட் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். யாரிடம் அனுமதி கேட்பது என்பது அதைப் பொறுத்தது. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடை செய்தது. 1974இல் ஒரு திருத்தம் வந்து சமூக ஃப்ரெட்டர்னிட்டிகளுக்கும் (தொழில் சாராத நட்புச் சங்கங்கள்) சொராரிட்டிகளுக்கும் (அதே வகைப் பெண்கள் சங்கங்கள்) மட்டும் உறுப்பினர் சேர்க்கையில் விலக்கு கொடுத்தது. தொழில்சார் சங்கங்களுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. அதனால்தான் வணிகம் படிப்போரின் டெல்டா சிக்மா பை 1975லும், ஆல்ஃபா கப்பா சை 1976லும் பெண்களைச் சேர்த்தன. பேண்ட் வாத்தியக்காரர்களின் கப்பா கப்பா சையும், பெண்களுக்கென்று தொடங்கிய அதன் இணைச் சங்கம் டௌ பீட்டா சிக்மாவும் 1977இல் இரு பாலருக்கும் கதவைத் திறந்தன. ஃபை மியூ ஆல்ஃபா சின்ஃபோனியா மட்டும் தன்னைச் சமூக ஃப்ரெட்டர்னிட்டி என்று நிலைநாட்டிக்கொண்டு ஆண்கள் சங்கமாகவே தொடர்கிறது. 1925இல் பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியில் சாரணர் இயக்கத்தின் கொள்கைகளை வைத்துத் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஒமேகா, 1976 தேசிய மாநாட்டில் பெண்களை ஏற்றது. ஆனாலும் சில சாப்டர்கள் ஆண்களை மட்டுமே வைத்திருக்க விட்டுவைத்தார்கள். அந்தச் சலுகையை முடித்தது 2006 மாநாடு. முப்பது ஆண்டுகள்! காகிதத்தில் விதி மாறுவதற்கும் பழக்கம் மாறுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வேறு வழியில் வந்த வீடுகளும், அதாவது சங்கங்களும், உண்டு. டார்ட்மத் கல்லூரியில் ஆல்ஃபா தீட்டா, ஃபை டௌ இரண்டும் 1950களில் இனப் பாகுபாட்டு விதியை ஏற்க மறுத்துத் தங்கள் தலைமைச் சங்கங்களை விட்டு வந்தவை. 1972இல் கல்லூரி பெண்களைச் சேர்த்தபோது இவையும் சேர்த்துக்கொண்டன. 1992இல் ஆல்ஃபா டெல்டா ஃபையிலிருந்து கோ-எட் சாப்டர்கள் தனியே பிரிந்து ஆல்ஃபா டெல்டா ஃபை சொசைட்டி ஆயின. இப்படித் தனித்து நிற்கும் ஒரு வீடு தன் சடங்கை ஒரே கூட்டத்தில் மாற்றிவிட முடியும். தலைமைச் சங்கத்தின் கீழ் இருக்கும் சாப்டர் சடங்கில் ஒரு சொல்லைத் தொட்டாலும் விதிமீறல். தேசிய மாநாடு பல சங்கங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூடும்.

சொற்களை எங்கே தேடுவது

நான்கு பேர் கொண்ட குழு போதும். அதில் ஒருவர் செயலாளராக இருக்கட்டும், இன்னொருவர் போன வருடம்தான் சேர்ந்தவராக இருக்கட்டும். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாதது புதுக் கண்ணுக்குத் தெரியும். சேகரிக்க வேண்டியவை: தலைமைச் சங்கத்தின் சட்டம், சாப்டரின் பைலா (உள்விதிகள்), சடங்குப் புத்தகம், புது உறுப்பினர் கையேடு, பாட்டுகள், கூட்டக் குறிப்பின் மாதிரிப் படிவம், மின்னஞ்சல் வார்ப்புகள், சந்தா ரசீது, பதக்கங்களிலும் கேடயங்களிலும் பொறித்த வாசகங்கள், அறைக் கதவுப் பலகைகள். கேடயத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ‘ஆண்டின் சிறந்த மனிதர்’ என்ற பொருளில் ‘மேன் ஆஃப் த இயர்’ என்று பொறித்த கேடயத்தை வருடா வருடம் ஒரு பெண் வாங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது.

தேடும் சொற்கள்: ஹி, ஹிஸ், ஹிம், மேன், மென், ஜென்டில்மென், சேர்மன், சன், லேடீஸ், ஸ்வீட்ஹார்ட், அலும்னஸ். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு நிறம் கொடுங்கள். பச்சை என்றால் பொறுப்பாளரே இன்று மாற்றலாம்: மின்னஞ்சல், இணையப் பக்கம், கதவுப் பலகை. மஞ்சள் என்றால் சாப்டர் வாக்கு வேண்டும்: பைலா, சாப்டரின் சொந்தப் பாட்டு, உள்ளூர் விருதுகள். சிவப்பு என்றால் தேசிய மாநாடு: சட்டம், சடங்கு, உறுதிமொழி. இந்தப் பிரிப்பைச் செய்து முடித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சிவப்பில் இருப்பதைப் பற்றி சாப்டர் கூட்டத்தில் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கணினியில் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானை அழுத்துகிறவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ‘ஹிஸ்’ என்ற மூன்று எழுத்து, ஆங்கிலத்தில் வரலாறு என்ற சொல்லின் தலையிலும் ‘இது’ என்ற சொல்லின் வாலிலும் இருக்கிறது. ‘மேன்’ கையேட்டுக்குள்ளும் மேலாண்மைக்குள்ளும் இருக்கிறது. ஒரு சொடுக்கில் முப்பது பக்கமும் பிழையாகும். அதைவிடப் பெரிய கேடு, நிறுவியவர்கள் பற்றிய பக்கத்திலும் சொற்கள் மாறிவிடும். ஆல்ஃபா ஃபை ஒமேகாவைத் தொடங்க 1925இல் கூடிய அந்த மாணவர்கள் உண்மையிலேயே ஆண்கள்தான். அதை ‘நபர்கள்’ என்று பூசி மெழுகினால், பெண்களை வெளியே நிறுத்தியிருந்த ஐம்பது ஆண்டுகளும் சேர்ந்து மறைந்துவிடும். வரலாற்றுப் பகுதியை அப்படியே விடுங்கள். பெண்கள் சேர்ந்த ஆண்டையும், சாப்டரில் சேர்ந்த முதல் பெண் உறுப்பினரின் பெயரையும், அவருக்குச் சம்மதமானால், கீழே ஒரு வரியாகச் சேருங்கள்.

அடுத்த சிக்கல் ‘தே’, அதாவது பால் காட்டாமல் ‘அவர்’ என்றும் ‘அவர்கள்’ என்றும் பொருள் தரும் ஆங்கிலச் சொல். ‘ஹி’ இருந்த இடத்திலெல்லாம் ‘தே’ போடுவதுதான் இன்று வழக்கம். பேச்சில் சரி. பைலாவில் சில இடங்களில் அது காலை வாரும். ‘பொருளாளர் ஓர் உறுப்பினருக்கு நினைவூட்டிய பிறகும் சந்தா வராவிட்டால், தே நிர்வாகக் குழுவின் முன் விளக்கம் தர வேண்டும்’ என்று எழுதினால், விளக்கம் தர வேண்டியவர் பொருளாளரா, உறுப்பினரா, இருவருமா? ஒழுங்கு நடவடிக்கை வரும்போது இந்த ஒரு சொல்லை வைத்தே ஒருவர் தப்பிவிடுவார். ஒரே வாக்கியத்தில் இரண்டு ஆட்கள் வந்தால் சுட்டுப்பெயரே வேண்டாம், ‘அந்த உறுப்பினர்’ என்று பெயர்ச்சொல்லைத் திரும்ப எழுதுங்கள். ‘ஹி ஆர் ஷி’ என்று இரட்டையாக எழுதுவதும் வேண்டாம். அது நீளம், இரண்டிலும் அடங்காத உறுப்பினரை விட்டுவிடும், ஐந்தாவது பக்கத்தில் எழுதுபவருக்கே சலித்துப்போய்ப் பழையபடி ‘ஹி’ ஆகிவிடும்.

பதவிப் பெயர்களில் பெரிய சிரமம் இல்லை. சேர்மன் என்பது ‘சேர்’. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பொறுப்பான பிளெட்ஜ் மாஸ்டர் என்பது இப்போது பல சங்கங்களில் புது உறுப்பினர் பயிற்றுநர். அதில் பால் பிரச்சினையை விட ‘எஜமான்’ தொனி பெரிய பிரச்சினை. முன்னாள் உறுப்பினருக்கு லத்தீனில் ஆண் ஒருமை, பெண் ஒருமை, ஆண் பன்மை, பெண் பன்மை என்று நான்கு வடிவம் இருக்கிறது. எல்லாரும் தப்பாகவே எழுதுகிறார்கள். ‘அலும்’ என்று எழுதிவிட்டுப் போங்கள்.

சடங்கு: புத்தகம் பேசாத இடங்கள்

எந்தச் சங்கத்தின் சடங்கு வாசகமும் இங்கே வராது. அது உறுப்பினர்களுக்குள் இருக்க வேண்டியது. சொல்ல வேண்டியது வேறு. சேர்ப்புச் சடங்கில் பெண்களுக்குச் சங்கடம் தருவதில் பாதிக்கு மேல் புத்தகத்தில் எழுதியே இருக்காது. புத்தகம் ‘கண்ணியமான உடை’ என்று சொல்லியிருக்கும், சாப்டர் அதைக் கோட்டும் டையும் என்று படித்திருக்கும். புத்தகம் ‘பேட்ஜை அணிவிக்க’ என்று சொல்லியிருக்கும், யார், எப்படி என்று சொல்லியிருக்காது. புத்தகம் மௌனமாக இருக்கும் இடமெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. தேசிய மாநாட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பேட்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். பல சங்கங்களில் அது இடது மார்பில், இதயத்துக்கு மேலே குத்தப்படும். ஆண்கள் மட்டும் இருந்தபோது ஒரு சீனியர் சட்டைப் பையின் விளிம்பைப் பிடித்துக் குத்திவிட்டுப் போவார், யாரும் யோசித்ததில்லை. இப்போது ஒரு பையன் ஒரு பெண்ணின் மார்பருகே ஊசியோடு குனிகிறான், சுற்றி நாற்பது பேர், விளக்கு மங்கல். இருவருக்கும் வியர்க்கும். கை நடுங்கினால் ஊசி குத்தும். தீர்வு எளிது. முதல் நாளே ஒவ்வொருவரிடமும் தனியே ஒரு தாளில் கேட்டுவிடுங்கள்: யார் குத்த வேண்டும், அல்லது உள்ளங்கையில் வாங்கித் தானே குத்திக்கொள்கிறாரா. ஆண், பெண் எல்லாரிடமும் கேளுங்கள். பெண்களிடம் மட்டும் கேட்டால் அதுவே இன்னொரு வேறுபாடு. உடை மெல்லிய துணியானால் ஊசி கிழிக்கும், பேட்ஜ் தலைகீழாகத் தொங்கும். உள்பக்கம் ஓர் அங்குலச் சதுர ஃபெல்ட் துண்டு வைத்துக் குத்தச் சொல்லுங்கள். காந்தப் பின் பயன்படுத்தினால், உடலில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்திருப்பவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

உடை விதியை இப்படி எழுதலாம்: ‘அடர்நிறச் சம்பிரதாய உடை. சூட், நீள உடை, அல்லது அவரவர் பண்பாட்டின் சம்பிரதாய உடை, தேர்வு அணிபவருடையது.’ கடைசிப் பகுதி இருந்தால் இந்திய மாணவி ஒருவர் புடவையில் வரலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அங்கி அணியும் சாப்டர்களில் அளவு ஒரு நிஜமான ஆபத்து. பழைய அங்கிகள் எல்லாம் ஆறடி ஆளுக்குத் தைத்தவை. ஐந்தடி இரண்டங்குலம் உள்ளவர் போட்டால் ஓரம் தரையில் புரளும், கையில் மெழுகுவர்த்தியோடு படியிறங்கும்போது கால் தடுக்கும். ஓரம் தரையிலிருந்து நான்கு அங்குலம் மேலே நிற்க வேண்டும், கைப்பகுதி மணிக்கட்டோடு நிற்க வேண்டும். புதிதாகத் தைக்கப் பணம் இல்லையென்றால் பழையவற்றில் மூன்றில் ஒரு பங்கை மடித்துத் தைத்தால் போதும். வெட்டிவிடாதீர்கள், அடுத்த வருடம் உயரமானவர்கள் வருவார்கள். விடுதிகளில் நெருப்புக்குத் தடை இருந்தால் பேட்டரி மெழுகுவர்த்தி. அழகு குறைவுதான், ஆனால் தீ எச்சரிக்கை மணி நடுச்சடங்கில் அடிப்பது அதைவிட அழகு குறைவு.

கண்ணைக் கட்டுவது, தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவது, இருட்டில் வரிசையாக நிற்கவைப்பது எல்லாம் ‘மரபு’ என்ற பெயரில் ஒட்டிக்கொண்டவை. இவற்றை மொழித் திருத்தத்தோடு சேர்த்து விவாதிக்க வேண்டாம். இவை ஹேசிங் (புதியவர்களைத் துன்புறுத்துவது, நம்மூர் ராகிங்) விதிகளில் மாட்டும் விஷயம். வாக்கெடுப்பு எதுவும் இல்லாமல் நிறுத்த வேண்டியவை.

‘மரபு’ என்று யாராவது சொன்னால், எத்தனை வருடமாக என்று கேளுங்கள். கல்லூரிச் சங்கத்தில் நான்கு ஆண்டில் ஆட்கள் முழுதாக மாறிவிடுகிறார்கள். ஆறு வருடம் முன்பு ஒரு தலைவர் விளையாட்டாகத் தொடங்கியது, இன்று இருப்பவர்களுக்கு ஆதிகாலத்து வழக்கம். பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால் தொடங்கிய தேதியே கிடைக்கும். நிறுவியவர்கள் காலத்திலிருந்து வருவதாகச் சபதம் செய்யப்பட்ட சாப்டர் கோஷம், 2011 குறிப்பில் ‘புதிய கோஷம் முன்மொழியப்பட்டது’ என்று கிடந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது.

பாட்டு

பாட்டில் இரண்டு தனிச் சிக்கல். ஒன்று சொல், ஒன்று சுருதி. பலரும் முதலாவதை மட்டும் பார்ப்பார்கள்.

‘மென்’ என்ற சொல் ஆங்கிலத்தில் ஒற்றை அசை, பெரும்பாலும் தாளத்தின் பலமான தட்டில் விழும். அதை எடுத்துவிட்டு ‘மெம்பர்ஸ்’ என்று போட்டால் அசை இரண்டாகும், வால் அடுத்த தட்டில் இடிக்கும், நாற்பது பேர் நாற்பது விதமாகப் பாடுவார்கள். கேட்பவர்களுக்கு மாற்றமே பிடிக்காமல் போவது இந்த இடத்தில்தான். கருத்து எதிர்ப்பு என்று நினைத்துக்கொள்வோம், உண்மையில் காதுக்குத்தான் எதிர்ப்பு. ஒற்றை அசைக்கு ஒற்றை அசையே தேடுங்கள்: ‘வீ’, ‘ஆல்’, ‘ஃப்ரெண்ட்ஸ்’. எதுவும் ஒட்டாவிட்டால் அந்த வரியையே எடுத்துவிட்டுச் சங்கத்தின் பெயரைச் சொல்லும் முதல் வரியைத் திரும்பப் பாடலாம். யாரும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சுருதி: ஆண்குரல் நால்வகைக்கு எழுதிய மெட்டைப் பெண்கள் அதே இடத்தில் பாடினால் கீழே குரல் வராது, ஒரு ஸ்தாயி மேலே பாடினால் கத்தலாகும். மெட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் பியானோவில் கண்டுபிடியுங்கள். பயிற்சி இல்லாத கலப்புக் கூட்டம் ஒரு ஸ்தாயி வித்தியாசத்தில் சேர்ந்து பாட, பி-ஃப்ளாட்டில் தொடங்கி ஒரு ஸ்தாயியைத் தாண்டி மேலே வரும் டி வரைக்கும் உள்ள இடம் வசதி. மேல் சுரம் டியைத் தாண்டினால் முழுப் பாட்டையும் இறக்குங்கள், கீழே போதாவிட்டால் ஏற்றுங்கள். தொடக்கச் சுரத்தை ஒருவர் கைபேசியில் வைத்திருந்து ஒலிக்கட்டும். இல்லாவிட்டால் உரத்த குரல் உள்ள பையன் எடுக்கும் சுருதியில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். பெண்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

‘பிரதர்’

கப்பா கப்பா சையிலும், ஆல்ஃபா ஃபை ஒமேகாவிலும், டெல்டா சிக்மா பையிலும் பெண் உறுப்பினரும் ‘பிரதர்’தான். வெளியே இருப்பவருக்கு விசித்திரம், உள்ளே இருப்பவருக்குப் பட்டம். நம்மூர்க் கல்லூரிகளில் பெண்கள் ஒருவரையொருவர் ‘மச்சி’, ‘வாடா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு புதிதாக இருக்காது. மறுபக்கம் டௌ பீட்டா சிக்மா, சொராரிட்டி என்ற பெயரை விடாமலே ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஆண் உறுப்பினரைச் ‘சிஸ்டர்’ என்று அழைப்பதா ‘பிரதர்’ என்பதா என்று கேள்வி வரும்போதுதான், பெண்ணுக்கு ஆண்பால் பட்டம் கௌரவமாகவும் ஆணுக்குப் பெண்பால் பட்டம் கேலியாகவும் தெரிகிற கோணல் வெளிப்படுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ‘பிரதர் என்பது பொதுச்சொல்தானே’ என்ற வாதத்தை அரைகுறையாகத்தான் ஏற்க முடிகிறது.

ஃப்ரெட்டர்னிட்டி என்றால் சகோதரத்துவம், ஆகவே அது ஆண்களுக்கான பெயர் என்ற வாதம் அதைவிடப் பலவீனமானது. 1867இல் தொடங்கிய பை பீட்டா ஃபையும் 1870இல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா தீட்டாவும் பெண்கள் சங்கங்கள். இரண்டும் தம்மை ஃப்ரெட்டர்னிட்டி என்றே அழைத்துக்கொண்டன. சொராரிட்டி என்ற சொல், 1874இல் சிரக்யூஸில் தொடங்கிய காமா ஃபை பீட்டாவுக்காக ஒரு லத்தீன் பேராசிரியர் பிற்பாடு எடுத்துக்கொடுத்தது. ஆகவே பெயர்ப்பலகையை மாற்றச் சொல்லிச் சக்தியைச் செலவழிக்காதீர்கள்.

‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ என்று இரண்டாக்குவது முதலில் நியாயமாகத் தெரியும். நடைமுறையில் அது ஒரு பட்டியலை இரண்டு பட்டியலாக்குகிறது. பிறகு சிஸ்டர்களுக்குத் தனிக் கூடுகை, பிரதர்களுக்குத் தனி மீன்பிடிப் பயணம். அப்படி முழுதாகவே இரண்டாக இயங்கும் அமைப்பும் உண்டு. 1950இல் மணிலாவில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஒமேகாவின் பிலிப்பைன்ஸ் அமைப்பில் ஃப்ரெட்டர்னிட்டியும் சொராரிட்டியும் தனித்தனிக் கிளைகள், ‘பிராட்’, ‘சிஸ்’ என்று அழைப்பு. அங்கே அது வேரூன்றிய ஏற்பாடு. ஒரே பட்டியலாக இருக்கும் அமெரிக்கச் சாப்டர் அதில் பாதியை மட்டும் எடுத்தால், கிளையும் இருக்காது, ஒற்றுமையும் இருக்காது.

நடைமுறையில் ஓடுவது இது: சடங்கிலும் கூட்டக் குறிப்பிலும் ‘பிரதர்’ ஒரே பட்டமாக எல்லாருக்கும். பேச்சில் கூட்டத்தை அழைக்க ‘பிரதர்ஸ்’ அல்லது ‘எவ்ரிஒன்’. ‘ஜென்டில்மென்’ கிடையாது, ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்’ கிடையாது. தனி ஒருவருக்கு அந்தப் பட்டம் ஒவ்வாவிட்டால் உறுப்பினர் பதிவேட்டில் ‘அழைக்க வேண்டிய பட்டம்’ என்று ஒரு நிரல். சிலர் ‘சிப்ளிங்’ (உடன்பிறப்பு) என்பார்கள், சிலர் பெயர் மட்டும் போதும் என்பார்கள். நிரப்புவது செயலாளர், தனியே கேட்டு. கூட்டத்தின் நடுவே நிறுத்திக் காரணம் கேட்பது கூடாது. ஆணும் பெண்ணுமாக எல்லாருக்கும் அந்த நிரல் இருப்பதால் யாரும் தனியே தெரியமாட்டார்கள்.

உண்மையில் பாகுபாடு பட்டத்தில் இருப்பதைவிட வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. கடந்த எட்டு செமஸ்டர் கூட்டக் குறிப்புகளை எடுத்து, செயலாளர், அலங்காரம், சாப்பாடு, பரிசு வாங்குவது யார், பொருளாளர், வீட்டு மேலாளர், தலைவர் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பைலாவில் ஒரு ‘ஹி’ கூட இல்லாத சாப்டரிலும் கேக் வெட்டுவதும் குறிப்பு எடுப்பதும் பெண்கள் தலையில் விழுந்திருக்கும். ‘நல்ல கையெழுத்து’ என்பார்கள், தட்டச்சு செய்யும் காலத்திலும். வேலைகளை அகரவரிசைச் சுற்றில் விடுங்கள், மாற்றிக்கொள்ள விரும்பினால் இருவரும் எழுதிக் கொடுக்கட்டும். ஆண்கள் பெட்டி தூக்க வேண்டும், பெண்களை அறை வரை கொண்டுவிட வேண்டும் என்ற பழைய வழக்கமும் இதே குட்டைதான். இரவில் தனியே போக விரும்பாத யாருக்கும் இரண்டு பேர் துணை என்று எழுதிவிட்டால் பையன்களும் கூச்சமில்லாமல் கேட்பார்கள்.

‘ஸ்வீட்ஹார்ட்’ வழக்கம், அதாவது வருடம் ஒருமுறை ஒரு பெண்ணைத் தேர்ந்து முடிசூட்டிப் பாடுவது, கோ-எட் சாப்டரில் நிற்காது. உறுப்பினராக ஓட்டுப் போடும் பெண்களே வேறொரு பெண்ணை அழகுக்குத் தேர்வு செய்யும் நிலை அபத்தம். ஆனால் அந்த விருதைப் பெற்ற முன்னாள் பெண்கள் சிலர் சாப்டருக்கு இன்றும் நன்கொடை தருபவர்களாக இருப்பார்கள். ஆகவே இழிவாகப் பேசி ஒழிக்காமல், உறுப்பினர் அல்லாத நண்பருக்கான விருது என்று மாற்றுங்கள். பாலினம் இல்லை, எழுத்து மூலம் முன்மொழிவு, என்ன உதவி செய்தார் என்று மூன்று வரி கட்டாயம்.

‘பிக் பிரதர்’, ‘லிட்டில் பிரதர்’ என்ற மூத்தவர்–இளையவர் ஜோடி ‘பிக்’, ‘லிட்டில்’ என்று எப்போதோ சுருங்கிவிட்டது, சொல்லில் வேலை இல்லை. ஜோடி சேர்ப்பதில்தான் கவனம். புதியவர் ஐந்து பெயர், மூத்தவர் மூன்று பெயர் வரிசைப்படுத்திக் கொடுக்கட்டும், பயிற்றுநர் பொருத்தட்டும். பெண்ணுக்குப் பெண் என்று கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால், நான்கு வருடத்தில் சாப்டரின் வம்ச மரத்தில் பெண் கிளை, ஆண் கிளை என்று பிரிந்துவிடும். பதவிக்கு ஆள் தேடும்போது ஒவ்வொரு கிளையும் தன் கிளையைத்தான் பார்க்கும். ஆணும் பெண்ணும் ஜோடியானால் கிசுகிசு வரும். பயிற்சிக் காலம் முடியும்வரை பிக்கும் லிட்டிலும் காதல் உறவில் இருக்கக் கூடாது என்ற ஒரே விதியை எல்லா ஜோடிக்கும் எழுதி வையுங்கள்.

வாக்கெடுப்பு

பைலா திருத்தத்துக்கு, கூட்டம் நடத்தும் முறைக்கான ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற அமெரிக்கக் கையேட்டின்படி முன்கூட்டிய அறிவிப்பும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். உங்கள் பைலா ‘வாக்களித்தவர்’ என்கிறதா, ‘வந்திருப்பவர்’ என்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 40 பேர் வந்து 6 பேர் ஒதுங்கினால், முதலாவதில் 34இல் 23 ஓட்டு போதும். இரண்டாவதில் 27 வேண்டும், ஒதுங்கியவர் எல்லாம் எதிர்ப்பாகவே எண்ணப்படுவார். இந்த நான்கு ஓட்டில் தோற்ற திருத்தங்கள் ஏராளம்.

எல்லாவற்றையும் ஒரே தீர்மானமாகக் கட்டாதீர்கள். பதவிப் பெயர் ஒன்று, சுட்டுப்பெயர் ஒன்று, பாட்டு ஒன்று, விருது ஒன்று. முதல் இரண்டும் எளிதில் நிறைவேறும். அதைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவதில் பயம் குறையும். பழைய வரி இடப்பக்கம், புதிய வரி வலப்பக்கம் என்று ஒரே தாளில் அச்சிட்டு, கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே முன்னாள் உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் முடிந்தபின் கேள்விப்பட்டால் வரும் கோபம் நன்கொடையில் தெரியும். சேர்ப்புச் சடங்கு நடக்கும் வாரத்தில் இதை வைக்காதீர்கள். சிவப்பு நிறப் பட்டியலைத் தேசிய மாநாட்டுக்கு அனுப்பக் கடைசித் தேதி பல மாதம் முன்பே முடிந்துவிடும். அனுப்புவதற்கு முன் வேறு சாப்டர்கள் இரண்டு மூன்றின் ஆதரவுக் கடிதம் வாங்கி இணைத்தால் குழுவில் கிடப்பில் போடமாட்டார்கள்.

வருடாந்திரக் கூட்டுப் புகைப்படம் சிறிய விஷயம் போலத் தெரியும், ஆனால் சுவரில் ஐம்பது வருடம் தொங்கப்போவது அதுதான். ஸ்டூடியோக்காரர்கள் கேட்காமலே ஆண்களுக்கு டக்ஸிடோ, பெண்களுக்குத் தோள் தெரியும் கறுப்புத் துணி என்று இரண்டு பெட்டி கொண்டுவருவார்கள். முன்பதிவின்போதே ‘உடை அவரவர் தேர்வு, வரிசை பெயர் அகரவரிசை’ என்று எழுத்தில் கொடுங்கள். பதவியாளர் படங்களுக்குக் கீழே ‘சேர்மன்’ என்று அவர்களுடைய பழைய வார்ப்பிலிருந்து வந்துவிடும், அச்சுக்கு முன் சரிபார்ப்புப் பிரதி கேளுங்கள். பழைய படங்களை, ஆண்கள் மட்டும் இருப்பவற்றையும், கழற்ற வேண்டாம்.

இந்தியாவிலிருந்து போய்ப் படிக்கும் மாணவிகள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘ஃப்ரெட்டர்னிட்டி உறுப்பினர்’ என்று மட்டும் எழுதினால் நேர்காணலில் முதல் ஐந்து நிமிடம் அதற்கு விளக்கத்தில் போய்விடும். ‘கோ-எட் சேவை ஃப்ரெட்டர்னிட்டி’ அல்லது ‘கோ-எட் தொழில்சார் ஃப்ரெட்டர்னிட்டி’ என்று முழுதாக எழுதி, அடுத்த வரியில் பதவி, கையாண்ட பட்ஜெட், சேவை மணிநேரம் ஆகியவற்றைப் போடுங்கள். வீட்டுக்குச் சொல்லும்போது ‘என் பிக் பிரதர் இன்றைக்கு வருகிறார்’ என்பதைவிட அவருடைய பெயரைச் சொல்லிவிடுவது மேல்.